பேரேட்டில் பதினான்கு ஏக்கர்

எங்கள் ஐயாவின், அதாவது அப்பாவின் அப்பாவின், கையெழுத்தை எந்தக் காகிதத்தில் பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடுவேன். எழுத்துகள் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். ககரத்தின் வால் நீண்டு அடுத்த எழுத்தின் அடியில் போய் நிற்கும். எனக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். சாயங்காலம் விளக்கு வைத்ததும் உள்முற்றத்து வளவுப் பத்தியில் உட்காரவைத்து, அரைக்கால், மாகாணி, முந்திரி என்று கீழ்வாய் இலக்கம் எனும் பின்ன எண்கள் வரை ஒப்பிக்க வைப்பார். தமிழ் எண்களையும் அப்படித்தான் படித்தேன். பள்ளிக்கூடத்தில் வேறு யாருக்கும் தெரியாத எண்கள் எனக்குத் தெரியும் என்பதில் அப்போது அவ்வளவு பெருமை.

அந்த எண்களைப் படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதவேண்டி வந்திருக்காது.

எங்கள் வீட்டில் பர்மாக் கதை என்று ஒன்று உண்டு; எங்கள் செட்டியார்கள் பர்மாவில் வட்டிக்கடை நடத்திய காலத்துக் கதை. செட்டிநாட்டில் அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கும். வீட்டுப் படைப்பு அன்று பங்காளிகள் எல்லாரும் கூடி, முன்னோருக்குப் படைத்து, சாப்பிட்டு முடித்த பிறகு பெரியவர் ஒருவர் பட்டாலையில் சாய்ந்துகொண்டு அதைச் சொல்வார். ஐயா இருந்தவரை அவர் சொன்னார். 1990-ல் அவர் போனபிறகு அப்பச்சி, அதாவது என் அப்பா, சொல்கிறார். வார்த்தைகூட மாறாது.

"காடாக் கெடந்த சீமை அது. நம்மாளுக பணம் போயித்தான் நெல்லு வெளையிற பூமியாச்சு. நாம யாரையும் ஏமாத்தலை. யாரு நெலத்துக்கும் ஆசைப்படலை. கடேசியில நம்ம நெலத்தையெல்லாம் அவுக புடுங்கிக்கிட்டாக. கட்டுன வேட்டியோட நடந்து வந்தோம்."

நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். நானே பலபேருக்குச் சொல்லியிருக்கிறேன். வகுப்பில் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதுண்டு. யார் நிலத்துக்கும் ஆசைப்படாத நமக்கு, பிடுங்கிக்கொள்கிற அளவுக்கு அங்கே நிலம் எப்படி வந்தது என்ற கேள்வி ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. இரண்டு வாக்கியமும் அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன. கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு அது உறைக்கவே இல்லை.

2019 ஐப்பசி மழையில் இரண்டாங்கட்டுப் பக்கம் ஓடு சரிந்து ஒழுக ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக்குப் பதினோரு புள்ளி, அதாவது பதினோரு குடும்பம், பங்கு. ரிப்பேர் என்றால் எல்லாரும் சம்மதித்து, பணம் சேர்ந்து, ஆள் வருவதற்குள் மாசக்கணக்காகும். அதுவரை நனையக்கூடாத சாமான்களை எடுத்து வைப்போம் என்று நானும் ஆத்தாவும், அதாவது அம்மாவும், ஓர் அறையைக் காலி செய்தோம். மங்குச் சாமான்கள், உடைந்த அரக்குப் பெட்டி, அடியில் ஒரு தேக்குப் பெட்டி. அதற்குள் துணி சுற்றிய மூன்று பேரேடுகள். ஐயாவின் அப்பாவான பாட்டையாவின் கடைக் கணக்குகள்.

கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போகிறவர்கள் மூன்று வருஷத்தை ஒரு கணக்கு என்பார்கள். ஒரு கணக்கு முடிந்து, கடையை நடத்தும் மேலாள் ஊர் திரும்பும்போது முதலாளி வீட்டுக்குக் கணக்கு வந்துவிடும். அப்படி வந்தவை இவை. கீழ்ப் பர்மாவில், பெகு மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் பாட்டையாவுக்குக் கடை இருந்தது. ஐயா 1929-ல் பதினான்கு வயதில் அங்கே பெட்டியடிப் பையனாகப் போனார். பெட்டி துடைப்பது, மேலாளுக்கு வெற்றிலை வாங்கி வருவது, பழைய ஏட்டைப் பார்த்து எழுதிப் பழகுவது. அப்புறம் மேலாளுக்கு உதவியான அடுத்தாள்.

முதல் இரண்டு பேரேட்டில் கையெழுத்து யாருடையதோ. மூன்றாவதில் பாதிக்குமேல், இடப்பக்கம் சாய்ந்த எழுத்து வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஆத்தா, ஐயா எழுத்து!" என்று கத்தினேன். அன்றைக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன்.

ஒரு பெயர். மாங் என்று தொடங்கும் பர்மியப் பெயர். அதை இங்கே எழுதவில்லை. அவருடைய வம்சம் இன்றும் எங்காவது இருக்கும். 1927-ல் அவருக்கு ௩௱ ரூபாய், முந்நூறு ரூபாய் கடன். ஒன்றரை வட்டி. மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் என்றால் வருஷத்துக்கு ஐம்பத்துநான்கு ரூபாய். எதற்காக வாங்கினார் என்று எழுதியிருக்கிறது: மாடு. 1928-ல் வட்டி வரவு. 1929-ல் வட்டி வரவு. இரண்டும் சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்திருக்கின்றன. 1930-ல் பாதிதான் வந்தது. அடுத்த இரண்டு வருஷமும் ஒன்றுமில்லை. வட்டி முதலோடு சேர்ந்து ௪௱௫௰௫ ஆகிறது. நானூற்று ஐம்பத்தைந்து.

1933-ல், ஐயாவின் கையெழுத்தில், கடன் தீர்ந்தது. ஈடாக நிலம், ௰௪ ஏக்கர், கடைப் பெயருக்குக் கிரயம்.

நாலு பக்கம் தள்ளிக் குத்தகைக் கணக்கு தொடங்குகிறது. அதில் மூன்றாவது வரியில் அதே பெயர். அதே பதினான்கு ஏக்கர். இந்தத் தடவை அவர் குத்தகைக்காரர்.

கணக்கில் ஒரு தம்படி பிசகவில்லை. நான் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். பிசகு இருந்துவிடாதா என்றுதான் கூட்டினேன் என்பது பிற்பாடுதான் எனக்கே புரிந்தது. எங்காவது ஒரு கள்ளக் கணக்கு அகப்பட்டால், மேலாள் ஒருத்தர் ஏமாற்றியிருக்கிறார், ஐயாவுக்குத் தெரியாது என்று முடித்திருப்பேன். எல்லாம் சரியாக இருந்தது.

நான் அறிவியல் ஆசிரியர். இருபது வருஷத்துக்கு மேலாகப் பாடம் நடத்துகிறேன். ஒன்பது கோள் என்று சொல்லிக்கொடுத்துவந்தவன்தான். 2006-ல் புளூட்டோ கோள் இல்லை என்று வானியலாளர்கள் முடிவு செய்தபோது மறுவாரமே எட்டு என்று மாற்றிச் சொன்னேன். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஆதாரம் வந்தால் கருத்தை மாற்றிக்கொள்ளவேண்டும், அதுதான் அறிவியல் மனம் என்று பிள்ளைகளிடம் பேசவும் செய்தேன். எனக்கு அந்த மனம் இருக்கிறது என்று உண்மையாகவே நம்பினேன். புளூட்டோ என் மடியில் உட்காரவைத்து எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்த சில மாதங்கள் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஐயாவுக்கு வக்கீலாகிவிட்டேன். புத்தகங்களைத் தேடித் தேடி வாங்கினேன். எனக்கு வேண்டியதெல்லாம் கிடைத்தது, அதுதான் கஷ்டம். கிடைத்த எதுவும் பொய்யில்லை.

வெள்ளைக்கார வங்கிகள் பர்மிய விவசாயிக்கு ஒரு ரூபாய் கொடுக்கமாட்டா. நம்மவர்கள்தான் கிராமம் வரை போய்க் கொடுத்தார்கள். 1929-30-ல் அரசாங்கம் போட்ட பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, நாடு முழுக்க ஏறக்குறைய 1,650 செட்டியார் கடைகள் இருப்பதாகக் கணக்கெடுத்தது. அந்த ஊரில் கடன் கொடுத்த மற்றவர்கள் வாங்கிய வட்டியைவிட இவர்களுடைய வட்டி குறைவு என்றும் எழுதியது. ரங்கூன் கோவிலில் மாசந்தோறும் கூடி நடப்பு வட்டி நிர்ணயம் செய்வார்கள். ஆளாளுக்கு இஷ்டப்படி இல்லை. இதையெல்லாம் அடிக்கோடு போட்டு வைத்தேன்.

அடுத்தது, நெல் விலை. உலகம் முழுக்க மந்தம் வந்து 1930, 31-ல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. பேரேட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1928-ல் அந்த ஐம்பத்துநான்கு ரூபாய் வட்டியைக் கட்ட அவர் முப்பது கூடை நெல் விற்றால் போதும். 1931-ல் அதே ஐம்பத்துநான்கு ரூபாய்க்கு எழுபத்திரண்டு கூடை. நெல்லின் விலையை விழவைத்தது பாட்டையாவா?

இன்னொன்று, நிலம் நமக்கு வேண்டியிருக்கவில்லை. அதுவும் நிஜம். வட்டித்தொழில் செய்கிறவனுக்குப் பணம் புரளவேண்டும். நிலத்தில் முடங்கினால் தொழில் செத்தது. அங்கே போட்ட பணமும் முழுக்கச் சொந்தப் பணமில்லை. ஊரில் ஆச்சிமார் சீதனப் பணம், கோவில் பணம், உறவினர் போட்ட தவணைப் பணம் எல்லாம் கலந்தது. கடன் வராமல் போனால் இங்கே ஒரு விதவை ஆச்சியின் வயிறு காயும்.

ஐயா பதினெட்டு வயதுப் பையன், சொன்னதை எழுதினார். இதுவும் ஒன்று. வீடு 1924-ல் கட்டி முடிந்தது, அந்த நிலம் 1933-ல்தான் வந்தது. ஆகவே எங்கள் முகப்புத் தேக்குத் தூணுக்கும் அந்த மனிதருக்கும் சம்பந்தமில்லை. இதைக் கண்டுபிடித்த அன்று நிம்மதியாகத் தூங்கினேன். எந்த அளவுக்குப் போயிருந்தேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்புறம்தான் 1938-ல் வெளிவந்த, நிலம் வேளாண்மை பற்றிய அரசாங்கக் குழுவின் கணக்கு கண்ணில் பட்டது. கீழ்ப் பர்மாவின் நெல் விளையும் பதின்மூன்று முக்கிய மாவட்டங்களில், 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்தது நூற்றுக்கு 6 பங்கு நிலம். 1937-ல் 25 பங்கு. ஏறக்குறைய 25 லட்சம் ஏக்கர். ஏழே வருஷத்தில். ஒரு பேரேட்டில் நான் பார்த்த பதினான்கு ஏக்கர் அத்தனை கடைப் பேரேட்டிலும் எழுதப்பட்டிருக்கிறது.

அதைப் படித்ததும் எனக்குள் வந்த முதல் பதில்: "இது வெள்ளைக்காரன் எழுதிய கணக்கு. நம்மையும் பர்மாக்காரனையும் மோதவிட எழுதியிருப்பான்." வட்டி குறைவு என்று நான் அடிக்கோடு போட்டு வைத்திருந்ததும் அதே வெள்ளைக்கார அரசாங்கத்து அறிக்கைதான். அதை எழுதியபோது அவன் நியாயஸ்தன். இதை எழுதும்போது சூழ்ச்சிக்காரன். இரண்டு புத்தகமும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அன்று ராத்திரி அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் வக்கீல் வேலை அத்தோடு ஓய்ந்தது.

அத்தோடு மனம் தெளிந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். தெரிந்துகொள்வது வேறு, மனம் ஒப்புவது வேறு. நான் தேடியெடுத்த காரணங்கள் அத்தனையும் நிஜம். இன்றைக்கும் அவற்றில் எதையும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் ஒவ்வொன்றையும் நான் எதற்காக எடுத்தேன் என்றால், அந்த மூன்றாவது வரியைப் பார்க்காமல் இருப்பதற்காக. பொய்யைக் கொண்டு மறைத்தால் என்றைக்காவது வெளுத்துவிடும். நிஜத்தைக் கொண்டு மறைத்தால் மறைக்கிறோம் என்பதே தெரியாது. காட்டைத் திருத்த நம்மாட்கள் பணம் கொடுத்தது நிஜம். 1852-ல் கீழ்ப் பர்மா வெள்ளைக்காரர் கைக்குப் போனபிறகு, அந்தச் சதுப்புக் காட்டுக்குள் குடும்பத்தோடு போய், காய்ச்சலில் கிடந்து, கரை போட்டு, அதை வயலாக்கியது அந்த மாங்கின் அப்பனும் தாத்தனும். எங்கள் கதையில் அவர்கள் இல்லவே இல்லை. காடு தானாகவே நெல் வயலாகிவிடும்.

1930 டிசம்பரில் சாயா சான் என்பவர் தலைமையில் விவசாயிகள் வெள்ளைக்கார அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பினார்கள். அடுத்த வருஷம் அவரைத் தூக்கில் போட்டார்கள். 'கலகக்காரப் பயல்கள் கடைகளைக் கொளுத்திய வருஷம்' என்றுதான் எங்கள் வீட்டில் அதைச் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லிவந்தேன்.

அப்பச்சியிடம் சொல்ல எனக்கு எட்டு மாதமாயிற்று. அவர் 1943-ல் பிறந்தவர். ஐயா பர்மாவிலிருந்து திரும்பிய மறு வருஷம். பேரேட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அப்பாவின் கையெழுத்தை விரலால் தடவினார். நான் விளக்கமாகச் சொன்னேன். அவர் முகம் இறுகிவிட்டது.

"எங்கப்பச்சி கணக்குல பிசகு கண்டுபிடிக்க வந்துட்டியாக்கும்?"

"பிசகே இல்லை அப்பச்சி. அத்தனையும் சரியா இருக்கு."

"அப்புறம் என்ன? கடன் வாங்குனா திருப்பிக் குடுக்கணும். குடுக்கலைன்னா ஈடு போகும். இது ஊரு ஒலகத்துல இல்லாத அதிசயமா?"

"நாம நெலத்துக்கு ஆசைப்படலைன்னு சொல்றோமே…"

"அவுக நடந்து வந்தது தெரியுமாப்பா ஒனக்கு? உள்ளங்கால் தோலு உரிஞ்சு, துணியைச் சுத்திக்கிட்டு நடந்தாக. வழியெல்லாம் பொணம். அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டேங்குறே. எவனோ ஒருத்தன் நெலத்தைப் பத்திப் பேசுறே."

1941 டிசம்பர் 23-ல் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபிறகு லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் தப்பித்தார்கள். ஐயா தாமு வழியாக மலையேறி இம்பாலுக்கு நடந்தார். கூடக் கிளம்பிய நாலு பேரில் இரண்டு பேர் வந்து சேரவில்லை. கடைசிவரை ஐயாவின் இடது கால் கட்டைவிரலில் நகம் கிடையாது. சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அப்பச்சி அதைச் சொன்னதும் என் விரல் நுனியில் அந்த மழுங்கல் திரும்ப வந்தது. எனக்குப் பேச்சு எழவில்லை. பேரேட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு மாதம் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

ஆத்தா அந்தப் பேச்சு முழுவதையும் கேட்டுக்கொண்டு முறத்தில் கவுணி அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தது. அன்று ஒன்றும் சொல்லவில்லை. நாலைந்து நாள் கழித்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டது.

"அந்த ஆளு ஊரைவிட்டுப் போகலையாப்பா? நெலம் போனப்புறம் அதுலயேவா குத்தகைக்கு நின்னாரு?"

"ஆமா ஆத்தா."

ஆத்தா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "எங்க அப்பச்சியும் அப்படித்தான் இருந்தாக," என்றது.

எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆத்தா பிறந்த வீடு தேவகோட்டையில். கடன் முற்றி வீடு கைமாறியபோது, வாங்கியவர் நல்ல மனுஷர். முகப்பில் ஓர் அறையை ஒதுக்கி, மாச வாடகைக்கு இருந்துகொள்ளச் சொன்னார். ஆத்தாவின் அப்பச்சி இரண்டு வருஷம் அந்த அறையில் இருந்தார். தான் கட்டிய வளவுக்குள் போக ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று செருமுவாராம். அந்தச் செருமலைச் சொல்லும்போது ஆத்தாவுக்கு இப்போதும் குரல் கம்மும். வாங்கியவர்மேல் யாருக்கும் கோபம் கிடையாது. கிரயம் முறைப்படிதான் நடந்தது. அங்கேயும் கணக்கில் பிசகில்லை.

புத்தகங்களும் விழுக்காடுகளும் என்னைக் கொண்டுபோய்விட்ட இடம் ஒன்று. ஆத்தாவின் கேள்வி கொண்டுபோன இடம் வேறு. அதுவரை அந்த மாங் எனக்கு ஒரு வரிதான், என் ஐயாவின்மேல் விழுந்த ஒரு கறை. அன்றைக்குத்தான் அவர் ஓர் ஆளாக, தான் கரை போட்ட வயலின் வரப்பில், குத்தகை அளக்க வந்த பதினெட்டு வயதுப் பையன் முன்னால் நின்றதைப் பார்த்தேன். அந்தப் பையனையும் பார்த்தேன். இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில் அவர் பெயரை எழுதும்போது நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்திருப்பானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஐயாமேல் எனக்குப் பாசம் குறையவில்லை. குறைந்துவிடுமோ என்றுதான் அத்தனை மாதமும் பயந்தேன். ஒரு மனுஷரைப் பற்றிய கதை உடைந்தால் மனுஷரும் போய்விடுவார் என்று நினைத்துவிட்டேன். அவர் சொல்லிக்கொடுத்த எண்களைக் கொண்டே இதைப் படித்தேன் என்பது ஏனோ எனக்கு ஆறுதலாக இருக்கிறது. பேரேட்டைக் கிழித்துப் போடவோ எரிக்கவோ அவருக்கு ஐம்பது வருஷம் இருந்தது. துணி சுற்றி வைத்திருந்தார். காரணம் எனக்குத் தெரியாது. என் இஷ்டத்துக்கு ஒரு காரணம் கற்பித்து, மறுபடி ஒரு கதை கட்ட எனக்கு விருப்பமில்லை.

அந்தப் பதினான்கு ஏக்கர் பிறகு என்னவாயிற்று என்று சொல்லவேண்டும். 1948-ல் சுதந்திரம் வந்ததும் பர்மா அரசாங்கம் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. 1962-ல் ராணுவம் வந்தபிறகு மிச்சமிருந்த கடைகளும் போயின. நம் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். நஷ்டஈட்டுக்காகப் பத்திரங்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு செத்துப்போன பெரியவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. அவர்கள் வலியும் பொய்யில்லை. ஆனால் 'நம் நிலம்' என்ற வார்த்தை இப்போது என் வாயில் வருவதில்லை. வரும்போது நடுவில் நின்றுவிடுகிறது.

போன தை மாதம் வீட்டில் படைப்பு. சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூரிலிருந்தெல்லாம் பங்காளிகள் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்தது. சின்னப் பிள்ளைகள் பட்டாலையில் வட்டமாக உட்கார்ந்து, "ஐயா, பர்மாக் கதை" என்றார்கள். அப்பச்சிக்கு இப்போது குரல் சரியாக எழும்புவதில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு ஆரம்பித்தார். நான் தூணோரம் நின்றுகொண்டிருந்தேன்.

"காடாக் கெடந்த சீமை அது," என்றார். பிறகு, வழக்கமாக இல்லாத ஒரு வார்த்தை. "அந்த ஊராளுக வெட்டித் திருத்துனாக. நம்மாளுக பணம் குடுத்தாக."

நான் நிமிர்ந்தேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

"நாம யாரையும் ஏமாத்தலை," என்றார். அடுத்த வரி எனக்கு மனப்பாடம். என் உதடு முன்கூட்டியே அதற்குத் தயாராகிவிட்டது. அப்பச்சி சொம்பை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிள்ளைகள் காத்திருந்தன.

"அப்புறம் சண்டை வந்துச்சு," என்று சொல்லி, நடந்து வந்த கதைக்குப் போய்விட்டார்.